வெள்ளத்தில் நின்ற ஆட்டோமேட்டிக் கார்: கியர்பாக்ஸுக்குள் போன தண்ணீரை வீட்டிலேயே வெளியேற்றுவது எப்படி?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, பள்ளிக்கரணைப் பக்கம் எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் நின்றிருந்த காரைச் சுற்றி ஒன்றரை நாள் தண்ணீர் நின்றது. சீட்டுக்கு ஒரு சாண் கீழே வரை. தண்ணீர் வடிந்த பிறகு எங்கே விசாரித்தாலும் இரண்டு பதில்தான் கிடைத்தது. "கொண்டுவந்து விடுங்க சார், வரிசையில இருக்கு, ஒன்றரை மாசம் ஆகும்" என்பது ஒன்று. வண்டியைப் பார்க்காமலேயே "ஆட்டோமேட்டிக்கா? கியர்பாக்ஸ் போச்சு, லட்சத்துக்கு மேல ஆகும்" என்பது இன்னொன்று. இரண்டையும் கேட்டுவிட்டு நான்கு நாள் என்ன செய்வதென்று தெரியாமல் அலைந்தேன். கடைசியில், பழைய மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, நானே செய்தேன். வண்டி இன்றும் ஓடுகிறது. அந்த நான்கு நாள் உங்களுக்கு வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான வழி. தண்ணீர் டேஷ்போர்டு வரை ஏறியிருந்தால் இது வீட்டு வேலை இல்லை. கியர்பாக்ஸைவிட வயரிங்கும் கம்ப்யூட்டரும்தான் அங்கே பெரிய தலைவலி.

1. ஸ்டார்ட் செய்யாதீர்கள், தள்ளாதீர்கள், இழுக்காதீர்கள்

தண்ணீர் வடிந்ததும் சாவியைப் போட்டுப் பார்க்கத்தான் கை போகும். வேண்டாம். இக்னிஷனைக்கூட ஆன் செய்யாமல், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள்.

காரணம் இதுதான். கியர்பாக்ஸின் மேல்புறத்தில் காற்று போய்வர பிரீதர் என்று ஒரு சிறு குழாய் இருக்கும். வெள்ளத்தில் தண்ணீர் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உள்ள வண்டிகளில் அந்தக் குழாய் இன்னொரு வழி. உள்ளே போன தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் அடியில் போய்த் தங்கிவிடும். இன்ஜின் ஓடாத வரை அது அங்கேயே கிடக்கும், பிளக்கைத் திறந்தால் பெரும்பாலும் தனியாக வந்துவிடும். இன்ஜினைக் கிளப்பிய மறுநிமிடம் உள்ளே இருக்கும் பம்ப் எண்ணெயையும் தண்ணீரையும் கடைந்து, டார்க் கன்வெர்ட்டர், வால்வ் பாடி (கியர் மாற எண்ணெயைத் திருப்பிவிடும் பகுதி), எண்ணெயை ஆறவைக்கும் கூலர் என்று எல்லா மூலைக்கும் அனுப்பிவிடும். அப்புறம் பிரிக்கவே முடியாது.

கிளட்ச் பிளேட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை காகித நாரால் ஆனது. அது தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சினால் பிடித்திருக்கும் பசை இளகிப் பட்டை உரிந்து வரும். இரும்பு பாகங்களில் துருவும் ஏறத் தொடங்கும். அதனால் ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருந்தால் மட்டும் போதாது, சீக்கிரமும் வடிக்க வேண்டும். என் கணக்கில் ஒரு வாரம் என்பதே அதிகம்.

வண்டியை நகர்த்தித்தான் ஆக வேண்டுமென்றால், நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஃபிளாட்பெட் ரிக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். முன்சக்கரங்கள் தரையில் உருள, கயிறு கட்டி இழுப்பது வேண்டவே வேண்டாம்.

2. இன்சூரன்ஸ்: ஒரு நட்டைக்கூடத் திறப்பதற்கு முன்

பலர் தவறும் இடம் இது. நீங்களே வடித்து முடித்துவிட்டு கிளெய்முக்குப் போனால், "என்ன சேதம் என்று சர்வேயர் பார்க்கவே இல்லையே" என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல முடியாது.

தண்ணீர் நிற்கும்போதே படம் எடுங்கள். வடிந்த பிறகு கதவின் உள்பக்கத்தில் சேறு விட்ட கோடு தெரியும், அதை ஒரு அளவு டேப்பை வைத்துப் படம் எடுங்கள். நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி ஒன்று, ஓடோமீட்டர் முன்பே எடுத்த படம் இருந்தால் அதுவும். பிறகு நிறுவனத்தின் எண்ணிலோ செயலியிலோ உடனே தகவல் பதிந்து, கிளெய்ம் எண்ணை எழுதி வாங்குங்கள். கையில் இருக்க வேண்டியவை: பாலிசி நகல், ஆர்சி, ஓட்டுநர் உரிமம், நிரப்பிய கிளெய்ம் படிவம், பணிமனை தந்த மதிப்பீடு. பணம் உங்கள் கணக்குக்கு வருவதானால் ரத்து செய்த காசோலை ஒன்று.

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் எதுவும் கிடைக்காது. முழுக் காப்பீட்டில் வெள்ளமும் புயலும் அடங்கும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தை 'பின்விளைவுச் சேதம்' என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் (கூடுதல் பணம் கட்டிப் பாலிசியில் சேர்ப்பது) இருந்தால் அதில் கியர்பாக்ஸும் சேர்த்தி எழுதியிருக்கிறதா என்று வாசகத்தைப் படியுங்கள். பல பாலிசிகளில் சேர்த்தே இருக்கிறது. இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு வண்டியைப் பணிமனைக்கு அனுப்புங்கள், அதுதான் புத்திசாலித்தனம்.

இல்லையென்றால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கிளெய்ம் செய்தால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போய்விடும். அது 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறியிருக்கும். அதோடு கட்டாயக் கழிவு (கிளெய்மில் நம் கையிலிருந்து போகும் தொகை) 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். சிறிய தொகைக்காக ஐந்தாறு வருடம் சேர்த்த 50 சதவீதத்தை விட்டுக்கொடுப்பது நஷ்டம். என்னிடம் ஆட்-ஆன் இல்லை. கார்ப்பெட், சீட், வயரிங் எல்லாம் சேர்த்துப் பெரிய தொகை வந்ததால் அதற்கு மட்டும் கிளெய்ம் செய்தேன். சர்வேயர் பார்த்துப் போனதும், கியர்பாக்ஸ் வேலையை என் செலவில் செய்வதாக எழுத்தில் தெரிவித்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுத்தேன்.

3. உங்கள் கியர்பாக்ஸ் எது?

'ஆட்டோமேட்டிக்' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் நான்கு வகை இருக்கிறது. ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை மிதிக்க ஒரு இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அதில் சாதாரண கியர் ஆயில், வடித்து ஊற்றுவது எளிது. சிவிடியில் கியர்களுக்குப் பதில் பெல்ட் ஓடும்; அதற்கென்று தனி ஆயில், மாற்றி ஊற்றினால் பெல்ட் நழுவும். இரட்டை கிளட்ச் வண்டிகளை வீட்டில் தொட வேண்டாம் என்பது என் கருத்து. நான்காவதுதான் நம்முடைய டார்க் கன்வெர்ட்டர்.

எந்த ஆயில் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் எழுதியிருக்கும். ஹூண்டாய் ஆறு கியர் பெட்டிகளுக்கு எஸ்பி-4, டொயோட்டாவுக்கு டபிள்யூஎஸ், ஹோண்டா சிவிடிக்கு ஹெச்சிஎஃப்-2 என்று ஒவ்வொன்றுக்கும் தனி ரகம். "எல்லா வண்டிக்கும் போடலாம்" என்று கடைக்காரர் நீட்டுவதை வாங்காதீர்கள். முதல் இரண்டு முறை கழுவத்தானே, மலிவான ஆயில் போதாதா என்று நானும் யோசித்தேன். ஆனால் ஒவ்வொரு முறையும் பாதி உள்ளேயே தங்கிவிடுகிறது. மலிவான ஆயிலும் அப்படித்தான் தங்கும்.

4. வாங்க வேண்டியவை, ஆன செலவு

என் பெட்டியின் மொத்தக் கொள்ளளவு சுமார் 7 லிட்டர். பிளக்கைத் திறந்தால் வருவது அதில் பாதி, 3.5 லிட்டர்தான். மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் நிற்கும். ஒவ்வொரு முறை வடித்து ஊற்றும்போதும் அசுத்தம் பாதியாகும்: 50, 25, 12, 6, 3 சதவீதம். அதனால்தான் ஐந்து முறை. ஒரே முறை வடித்துவிட்டு "மாத்தியாச்சு" என்று சொல்லும் இடத்தில் பணம் கொடுக்காதீர்கள்.

லிட்டர் 650 ரூபாய் வீதம் 18 லிட்டர், 11,700 ரூபாய். பிளக்குகளுக்குப் புது வாஷர்கள் (ஒவ்வொரு முறைக்கும் ஒன்று), நீளக் குழாய் வைத்த புனல், வடிக்கும் தட்டு, கையுறை எல்லாம் சேர்த்து 1,200. ஆக்சில் ஸ்டாண்டு நான்கு, 2,800. கைப்பேசியில் இணையும் ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து அளவுகளைப் படிக்கும் கருவி) 900. ஆக 16,600 ரூபாய். ஸ்டாண்டும் ஸ்கேனரும் பக்கத்து வீட்டில் இருந்தால் இன்னும் குறையும். ஆயில் விலை பிராண்டைப் பொறுத்து மாறும், மழைக்குப் பிறகு தட்டுப்பாடும் வரும். முதல் நாளே மொத்தத்தையும் வாங்கிவிடுங்கள்.

அளவு கோடு போட்ட பழைய ஐந்து லிட்டர் கேன்கள் நான்கைந்து சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வந்தது என்று அளக்காமல் இந்த வேலையைச் செய்யவே முடியாது.

5. முதல் வடிப்பு: குளிர்ந்த நிலையில், இன்ஜினைத் தொடாமல்

சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, நான்கு மூலையையும் ஒரே உயரத்தில் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஏறியதும் பக்கவாட்டில் நின்று வண்டியை நன்றாக உலுக்கிப் பாருங்கள், அசையக் கூடாது.

நான் நேராக அடியில் இருந்த பிளக்கில் ஸ்பேனரை வைத்தேன். மெக்கானிக் அண்ணன் கையைப் பிடித்துவிட்டார். "தம்பி, ஊத்துற ஓட்டையைத் திறந்துட்டுத்தான் வடிக்கிற ஓட்டையைத் திறக்கணும். மேல திறக்க வரலைன்னா கீழ வடிச்சுட்டு என்ன பண்ணுவ?" அவர் சொன்னது அப்படியே நடந்தது. மேல் பிளக் சேற்றில் இறுகிப்போய், துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் அசைந்தது.

சில பெட்டிகளில் அடியில் இரண்டு பிளக் இருக்கும். ஒன்று வடிக்க, இன்னொன்று அளவு பார்க்க. மாற்றித் திறந்தால் கொஞ்சம்தான் வரும், 'அவ்வளவுதான் போல' என்று ஏமாந்துவிடுவோம்.

டிரெயின் பிளக்கை மெல்ல, கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்தினேன். முதலில் பழுப்பாகத் தண்ணீர் சொட்டியது. பிறகு சட்டென்று திறந்துகொண்டு அரை லிட்டருக்கும் மேல் சேற்று நீர். அதன் பின்னால், தடித்து, நுரை கட்டிய இளஞ்சிவப்பு. ரோஸ் மில்க் பார்த்திருப்பீர்கள், அச்சு அசல் அதே நிறம். நல்ல ஆயில் கண்ணாடி போல் சிவப்பாகத் தெளிந்திருக்கும். தண்ணீர் கலந்தால்தான் இந்தப் பால் நிறம். மொத்தம் 4.3 லிட்டர் வந்தது, வழக்கமாக வருவதைவிட 800 மில்லி கூடுதல். அளந்ததால்தான் எவ்வளவு தண்ணீர் போயிருக்கிறது என்று தெரிந்தது.

தட்டில் விழுந்ததை விரலால் தொட்டுப் பாருங்கள். பிளக்கின் காந்தத்தில் மாவு போல் கறுப்புப் பசை இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். ஊசி ஊசியாக உலோகத் துண்டோ, காகிதத் துணுக்கு போல் பழுப்புச் செதில்களோ இருந்தால் நிறுத்திவிடுங்கள். உராய்வுப் பட்டை உரியத் தொடங்கிவிட்டது. அதற்கு மேல் ஆயில் ஊற்றுவது வீண் செலவு, பெட்டியைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

கியர்பாக்ஸின் அடியில் கழற்றக்கூடிய ஆயில் தட்டு உள்ள பெட்டியானால் அந்தத் தட்டைக் கழற்றி, காந்தங்களைத் துடைத்து, ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் மாற்றுங்கள். சேறு அங்கேதான் படிந்திருக்கும். என்னுடையதில் ஃபில்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, பிரிக்காமல் எடுக்க முடியாது.

6. ஓடவிடுவதற்கு முன் இன்ஜினைப் பாருங்கள்

அடுத்த படிக்கு இன்ஜின் ஓட வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஈரமோ சேறோ இருந்தால் இன்ஜினுக்குள்ளும் தண்ணீர் போயிருக்கலாம். ஒரு மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். காய்ந்திருந்தாலும் இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுவது நல்லது.

அப்படியே பிரீதர் குழாயின் முனையைச் சுத்தம் செய்யுங்கள். கியர்பாக்ஸுக்குப் போகும் மின் கனெக்டர்களைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவையுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு கியர் மாறாமல் அடம்பிடிக்கும் வண்டிகளில் பல சமயம் குற்றவாளி பச்சைப் பூத்த கனெக்டர் பின்தான். இந்த அரை மணி நேர வேலை பெரிய செலவைத் தவிர்க்கும்.

7. ஊற்று, ஓடவிடு, வடி

புது வாஷரோடு பிளக்கை மூடுங்கள். பெட்டி அலுமினியம், வெறித்தனமாக முறுக்கினால் மரை போய்விடும். இந்த முறை மட்டும் வந்த அளவில் தண்ணீரைக் கழித்துவிட்டு 3.5 லிட்டர் ஊற்றினேன்.

வண்டியைத் தரையில் இறக்குங்கள். சக்கரம் அந்தரத்தில் சுற்ற, ஆள் அருகில் நிற்க, ஒருபோதும் கியர் போடக் கூடாது. பேட்டரியை இணைத்து, பிரேக்கை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட் செய்து, பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் மூன்று வினாடி நிறுத்தி, இரண்டு முறை போய்வாருங்கள். பிறகு பி-யில் ஐந்து நிமிடம். ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டாம், வாசல் வரைகூட ஓட்ட வேண்டாம். உள்ளே இருப்பது இன்னும் ரோஸ் மில்க்தான்.

ஒரு மணி நேரம் ஆறவிட்டு மறுபடி வடியுங்கள். கொதிக்கும் ஆயில் கையைப் பொசுக்கிவிடும். வந்த அளவையே ஊற்றுங்கள். முதல் நாள் காலை ஏழு மணிக்குத் தொடங்கி மாலைக்குள் மூன்று முறை முடித்தேன். இரண்டாவது வடிப்பு திரும்பவும் பால் போலத்தான் வந்தது, மனம் உடைந்துவிட்டது. டார்க் கன்வெர்ட்டரில் இருந்தது இப்போதுதான் வெளியே வருகிறது, அவ்வளவுதான். மூன்றாவதில் பாலின் அடர்த்தி போய்க் கலங்கலான சிவப்பு தெரிந்தது.

கூலர் குழாய் வழியாக ஓடவிட்டு ஒரேயடியாக மாற்றும் முறையும் உண்டு. திரும்பி வரும் குழாயைக் கழற்றிக் கேனில் விட்டு, இன்ஜினை ஓட்டி ஒரு லிட்டர் வந்ததும் அணைத்து, ஒரு லிட்டர் ஊற்ற வேண்டும். வேகமானது, ஆனால் இரண்டு பேர் வேண்டும். அணைக்கத் தாமதித்தால் பம்ப் வறண்டு ஓடிப் பழுதாகும். முதல் முறை செய்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

மண்ணெண்ணெய் அல்லது டீசல் ஊற்றிக் கழுவலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். என்னிடம் மூன்று பேர் சொன்னார்கள். அது ரப்பர் சீல்களைக் கெடுக்கும், பாதி உள்ளேயே தங்கும். கழுவ வேண்டியதும் அதே ரக ஆயிலால்தான்.

8. அளவு பார்ப்பது

டிப்ஸ்டிக் இல்லாத பெட்டிகளில் ஆயில் அளவைக் குறிப்பிட்ட வெப்பத்தில்தான் பார்க்க வேண்டும். என் வண்டிக்கு 50 முதல் 60 டிகிரி. உங்களுடையதைக் கையேட்டில் பாருங்கள். ஓபிடி ஸ்கேனர் வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

வழக்கத்தைவிட அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஊற்றிக்கொண்டு, நான்கு மூலையும் சமமாக ஏற்றி, பி-யில் இன்ஜின் ஓட, வெப்பம் வந்ததும் லெவல் பிளக்கைத் திறக்கவும். மிகுதி வழிந்து, நூல் போல் மெல்லிசாகும்போது மூடிவிடுங்கள். எதுவுமே வரவில்லையென்றால் 200 மில்லி ஊற்றிவிட்டு மறுபடி பாருங்கள். முன்பக்கத்தை மட்டும் தூக்கி அளவு பார்ப்பது பெரிய தவறு. சாய்வில் காட்டும் அளவு பொய்.

9. தண்ணீர் இன்னும் இருக்கிறதா? தோசைக்கல் சோதனை

சமையலுக்கு இனி எடுக்கப்போவதில்லை என்று முடிவான பழைய தோசைக்கல் ஒன்று வேண்டும். மொட்டை மாடியிலோ வாசலிலோ வைத்துக் காயவையுங்கள். தண்ணீர் தெளித்தால் 'சுர்'ரென்று மறைகிற சூடு போதும், புகைகிற அளவு கூடாது. அடுப்பை அணைத்துக் கல்லைத் தள்ளி எடுத்துவந்த பிறகு, வடித்த ஆயிலிலிருந்து இரண்டு சொட்டு எடுத்துக் கல்லின் மேல் விடுங்கள். தண்ணீர் இருந்தால் பொரிகிற மாதிரி படபடவென்று வெடிக்கும். இல்லையென்றால் சத்தமில்லாமல் பரவும். புதிய ஆயிலிலிருந்தும் ஒரு சொட்டைக் கல்லில் விட்டு ஒப்பிட்டால் வித்தியாசம் காதிலேயே கேட்கும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

என் மூன்றாவது வடிப்பு வெடித்தது. நான்காவதில் லேசான பொரிச்சல். ஐந்தாவது அமைதி.

10. ஓட்டத் தொடங்கியபின்

மூன்றாவது முறைக்குப் பிறகு கூட்டமில்லாத சாலையில் மெதுவாக 50 கிலோமீட்டர் ஓட்டி நான்காவது வடிப்பு. பெட்டி நன்றாகச் சூடாவதால் மிச்ச ஈரம் பிரீதர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். அதற்குப் பிறகு 500 கிலோமீட்டரில் ஐந்தாவது. எனக்கு அதுவே மூன்று வாரம் ஆனது.

டி போட்ட பிறகு இரண்டு வினாடி யோசித்து ஏறுகிறதா, மேடு ஏறும்போது ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையா, 50-60 கிலோமீட்டர் வேகத்தில் சாலையில் வரிவரியாகப் போட்ட சிறு மேடுகள் மேல் போவது போல் அதிர்கிறதா, கருகிய வாடை வருகிறதா என்று கவனியுங்கள். முதல் சில நாள் கியர் மாறும்போது சின்ன உலுக்கல் இருந்தால் பயப்பட வேண்டாம், பணிமனையில் ஸ்கேனரால் கற்றல் மதிப்புகளை (கியர் மாற்றத்துக்காகக் கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருக்கும் பழைய அளவுகளை) அழித்துவிட்டால் பெரும்பாலும் சரியாகும். மற்றவை தொடர்ந்தால் பெட்டியைப் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது.

வெள்ளத்திலேயே நிற்காத வண்டியில் ரோஸ் மில்க் வந்தால் கதை வேறு. பெரும்பாலும் ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் ஓட்டையாகி, கூலண்ட் கலக்கிறது. ரேடியேட்டரை மாற்றாமல் எத்தனை முறை வடித்தாலும் திரும்பத் திரும்ப வரும். கூலண்டில் உள்ள கிளைக்கால் வெறும் தண்ணீரைவிட வேகமாகக் கிளட்ச் பட்டையின் பசையைத் தின்றுவிடும். அப்படியென்றால் நேராக நல்ல கியர்பாக்ஸ் ஆளிடம் போங்கள்.

11. வடித்த ஆயிலை என்ன செய்வது?

ஐந்து வடிப்பில் கிட்டத்தட்ட 18 லிட்டர் கழிவு சேரும். எங்கள் தெருவின் மழைநீர் வடிகால் நேராகச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. அங்கே ஒரு சொட்டுக்கூட விடக் கூடாது, மண்ணில் கொட்டவும் கூடாது. கேன்களில் இறுக மூடி, 'தண்ணீர் கலந்தது' என்று எழுதி ஒட்டி வையுங்கள். கழிவு ஆயிலை மறுசுத்திகரிப்பாளருக்குத் தரும் பணிமனைகள் இருக்கின்றன. கொடுப்பதற்கு முன், தண்ணீர் கலந்ததை எடுப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் போன முதல் இரண்டு இடத்தில் எடுக்கவில்லை, மூன்றாவது இடத்தில் கேனோடு வாங்கிக்கொண்டார்கள்.